ஒண்ணாம் கிளாஸ் இங்கிலீஷுக்கு எந்த புக்கு போடலாம்: ஸ்டிக்கரா, பாட்டா, கார்டா?

பொங்கல் லீவு முடிஞ்சதும் பப்ளிஷர் ஆளுங்க பெரிய பையை தூக்கிக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலா வர ஆரம்பிச்சுடுவாங்க, ஸ்பெசிமன் காப்பி, கேட்லாக், டைரி, ஒரு பேனா எல்லாத்தையும் டேபிள்ல வச்சுட்டு போவாங்க, அப்புறம் மார்ச் முடியுறதுக்குள்ள கரஸ்பாண்டன்ட் சார் கூப்பிட்டு "மிஸ், ஒண்ணாவது ரெண்டாவதுக்கு இங்கிலீஷ் எது போடலாம், நீங்களே பாத்து சொல்லிடுங்க"ன்னு தலையில கட்டிடுவார். இப்போ வர்ற எல்லா புக்குலயும் விளையாட்டு இருக்கு. ஸ்டிக்கர், கட் அவுட், பாட்டு, பாம்பு ஏணி மாதிரி போர்டு, க்யூஆர் கோடு, எதைத் தொறந்தாலும் கலர் கொட்டிக் கிடக்கு. அதனால விளையாட்டு இருக்கா இல்லையாங்கற கேள்வியே போயிடுச்சு, எந்த விளையாட்டு நம்ம பசங்களுக்கு ஆகும்ங்கறதுதான் பாக்கணும்.

நான் சொல்றது எல்லாருக்கும் பொருந்தாது. சின்ன டவுன், ஸ்டேட் போர்டு நர்சரி பிரைமரி ஸ்கூல், கிளாஸ்ல முப்பத்தஞ்சு பேரு, வீட்ல யாரும் இங்கிலீஷ் பேச மாட்டாங்க, ஸ்கூல்ல அந்த நாப்பது நிமிஷம் கேக்கறதுதான் மொத்த இங்கிலீஷும், இப்படி ஒரு ஸ்கூலை மனசுல வச்சுதான் எழுதறேன். சென்னை, கோயம்புத்தூர்ல வீட்லயே இங்கிலீஷ் கார்ட்டூன் பாத்து வளர்ற பசங்களுக்கு கணக்கு வேற.

முதல்ல ஒரு அளவுகோல் வச்சுக்கலாம், இல்லன்னா அட்டையைப் பாத்தே மயங்கிடுவோம். எந்த பக்கத்தைத் தொறந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாம, கேக்காம, படிக்காம இந்த விளையாட்டை ஒரு புள்ள முடிச்சிட முடியுமா? முடியும்னா அது நல்ல விளையாட்டா இருக்கலாம், இங்கிலீஷ் பாடம் கிடையாது.

இதுக்கு நம்ம தெருவுலயே உதாரணம் இருக்கு. சாயங்காலம் பசங்க "கலர் கலர், வாட் கலர் டூ யூ வாண்ட்?"ன்னு கத்திக்கிட்டு விளையாடறதைப் பாத்திருப்பீங்க. பிடிக்கிறவன் "ரெட்"ம்பான், எல்லாரும் ஓடிப்போய் சிவப்பா எதையாவது தொடணும், தொடறதுக்குள்ள பிடிபட்டா அவுட்டு. அந்த முழு கேள்வியை எல்கேஜி புள்ள கூட ஒரு தடுமாற்றமும் இல்லாம சொல்லும், யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்கல. ரெட்டுன்னா என்னன்னு தெரியலன்னா ஓட முடியாது, அவ்வளவுதான் விஷயம். அந்த மாதிரி ஒரு நெருக்கடி புக்கு பக்கத்துல இருக்கான்னுதான் தேடணும்.

இப்போ ஸ்டிக்கர் புக்குக்கு வருவோம், ஏன்னா அதுதான் பேரன்ட்ஸ் கண்ணுல முதல்ல படறது, கரஸ்பாண்டன்ட்டுக்கும் பிடிக்கறது. பிரைவேட் பப்ளிஷர் செட்டு, வழவழ பேப்பர், கடைசியில ரெண்டு மூணு ஷீட் ஸ்டிக்கர், பிச்சு எடுக்கற மாதிரி அட்டை முகமூடி, அனிமேஷன். ஒரு புக்கே 300 ரூபாய்க்கு மேலன்னு விலை போட்டிருக்கறது சாதாரணம். பழங்கள் பக்கத்தை எடுத்துக்குங்க. கூடைக்குள்ள வாழைப்பழம் ஷேப்புல, மாம்பழம் ஷேப்புல வெள்ளையா இடம் விட்டிருப்பாங்க, கீழே பேரு. புள்ள என்ன செய்யுது? ஷேப்பைப் பாக்குது, ஸ்டிக்கரைப் பாக்குது, ஒட்டுது. கீழே எழுதியிருக்கறதைத் திரும்பிக் கூட பாக்கல. கிளாஸ் முழுக்க சத்தம்தான், ஆனா என்ன சத்தம்? "ஏய் என் மாம்பழம் கிழிஞ்சிருச்சுடா", "மிஸ் இவன் என்னோடத எடுத்துட்டான்", "மிஸ் ஒட்ட மாட்டேங்குது". பத்து நிமிஷம் சந்தோஷமா போச்சு, இங்கிலீஷ் ஒரு சொட்டு கிடையாது. மிச்ச ஸ்டிக்கர் வாட்டர் பாட்டில் மேல. அடுத்த வருஷம் தம்பிக்கு அந்த புக்கைக் குடுக்கவும் முடியாது, ஸ்டிக்கர் தீந்துபோன புக்கு.

அதே பழத்தை வேற மாதிரி பண்ணிப் பாருங்க. நாலு பேரு ஒரு வட்டம், நடுவுல எட்டு படக்கார்டு கவுத்து வச்சிருக்கு, ஒருத்தன் ஒண்ணை எடுத்து ஸ்லேட்டுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கறான். மத்தவங்க கேக்கணும், "இஸ் இட் எ மேங்கோ?" "நோ." "இஸ் இட் எ பனானா?" "நோ." கண்டுபிடிக்கிறவனுக்குக் கார்டு. கேக்காம கார்டு கிடைக்காது, வாயைத் தொறந்துதான் ஆகணும். அஞ்சு நிமிஷத்துல ஒவ்வொரு புள்ளையும் அந்த வாக்கியத்தைப் பலதடவை சொல்லியிருக்கும், அதுவும் மிஸ் பின்னாடி கோரஸா சொல்லாம, தனக்குத் தேவைப்பட்டு சொன்னது. கார்டு விளையாட்டை புக்குல போட்டா பாக்க ஒண்ணுமே இருக்காது, நாலு வரி எழுதியிருக்கும், அதனாலதான் பப்ளிஷரோட ரெப்பு அந்த பக்கத்தைத் தொறந்து காட்டவே மாட்டார்.

ஆனா செட்டு புக்கை முழுசா ஒதுக்கவும் நான் சொல்லல. அதுல ஒரு விஷயம் நெஜமாவே நல்லா இருக்கும், டீச்சர்ஸ் புக்கு. நல்ல பப்ளிஷர்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன சொல்லணும், பசங்க என்ன பதில் சொல்லுவாங்க, சீக்கிரம் முடிச்ச பசங்களுக்கு என்ன குடுக்கணும்னு வரிவரியா இருக்கும். நம்ம மாதிரி ஸ்கூல்ல வருஷா வருஷம் டீச்சர் மாறுறாங்க, கல்யாணம், பி.எட், வேற ஸ்கூல்ல ஆயிரம் ரூபா கூடன்னு போயிடுவாங்க, ஜூன்ல புதுசா வர்ற பொண்ணுக்கே இங்கிலீஷ் பேச கூச்சமா இருக்கும், அவங்க கையில வெறும் கார்டைக் குடுத்து நீயே விளையாட்டு யோசிச்சுக்கோம்மான்னா பாவம். அவங்களுக்கு அந்த டீச்சர்ஸ் புக்கு பெரிய தெம்பு.

புக்குக்குள்ள வர்ற மத்த விளையாட்டு ஒவ்வொண்ணுலயும் சின்ன சின்ன கோளாறு இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துடலாம். கலரிங் பக்கம். "கலர் தி ஆப்பிள் ரெட்"னு இருந்தா எந்தப் புள்ளைக்கும் படிக்க வேண்டிய அவசியமே இல்ல, பசங்களுக்கு ஆப்பிள்னாலே சிவப்புதான். மாட்டுக்கு நீலம் அடி, யானைக்கு பச்சை அடின்னு இருந்தா படிச்சுத்தான் ஆகணும், இல்லன்னா மிஸ் சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும், சிரிப்பும் வரும். மாட்டுக்கு நீலம் அடிக்க சொல்ற புக்கை எழுதினவங்க யோசிச்சு எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். வார்த்தை தேடற கட்டம் இருக்கே, ஒண்ணாம் கிளாஸுக்கு வேஸ்ட்டுன்னுதான் சொல்லுவேன், எழுத்து உருவத்தைப் பொருத்தி வட்டம் போடுவாங்க, அந்த வார்த்தையைப் படிக்க சொன்னா முழிப்பாங்க.

ரெண்டு படத்துல வித்தியாசம் கேட்டுக் கண்டுபிடிக்கற விளையாட்டு ரொம்ப அருமையான விளையாட்டு, என் படத்துல நாய் இருக்கு, உன் படத்துல பூனை இருக்கு, பேசித்தான் தெரிஞ்சுக்க முடியும். ஆனா பாதி புக்குல ரெண்டு படத்தையும் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து அச்சடிச்சு வச்சிருப்பாங்க! ரெண்டுமே கண்ணு முன்னாடி இருந்தா எதுக்குப் பேசணும், விரலை வச்சு காட்டிட்டா முடிஞ்சுது. விவரமான புக்குல ரெண்டாவது படம் புக்கோட கடைசில, வேற பக்கத்துல இருக்கும். ஸ்பெசிமன் காப்பி வந்ததும் நான் முதல்ல பாக்கறது இதைத்தான்.

அப்புறம் தாயக்கட்டை போர்டு. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து அச்சடிச்சிருப்பாங்க, நடு மடிப்புல புக்கு எழும்பி நிக்கும், கட்டை உருண்டு பெஞ்சுக்கு அடியில போயிடும். ஒரு புக்கைச் சுத்தி ஆறு பேரு உக்காரவும் முடியாது. அதை சார்ட் பேப்பர்ல பெருசா வரைஞ்சு தரையில போட்டு காய்க்கு புளியங்கொட்டை வச்சுக்கிட்டா ஓடும், ஒரு ரூல் மட்டும் கறாரா வைக்கணும், கட்டத்துல இருக்கற படத்தைப் பத்தி ஒரு வாக்கியம் சொன்னாத்தான் காய் நகரும். இந்த ரூலைத் தமிழ்லயே சொல்லுங்க, தப்பே இல்ல, ரூலை இங்கிலீஷ்ல சொல்றேன்னு அஞ்சு நிமிஷம் வீணாக்கறதுக்கு விளையாட ஆரம்பிச்சுடலாம்.

படம் ஜாஸ்தி இருந்தா நல்ல புக்குன்னு ஒரு நினைப்பு இருக்கு, அதையும் கொஞ்சம் சந்தேகப்படணும். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 24 கிண்டர்கார்டன் குழந்தைங்க, சுவர் பூரா சார்ட்டும் படமும் ஒட்டின ரூம்ல சில பாடம், வெறும் சுவர் ரூம்ல சில பாடம். அலங்கார ரூம்ல கேட்ட பாடத்துல டெஸ்ட் வச்சா 42 சதவீதம் சரி, வெறும் ரூம்ல கேட்டதுல 55 சதவீதம். அது சுவரைப் பத்தினது, புக்கு பக்கத்தைப் பத்தினது இல்ல, இருந்தாலும் பாடம் நாய் பூனையைப் பத்தி, மூலைக்கு மூலை பலூனும் கோமாளியும் நட்சத்திரமும் எதுக்குன்னு கேக்கத் தோணுது.

அடுத்து கவர்மெண்ட் புக்கு. சமச்சீர்ல ஒண்ணாம் கிளாஸுக்கு 2018ல புது புக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் ரெண்டாம் கிளாஸுக்கு. மூணு பருவம், தமிழும் இங்கிலீஷும் ஒரே தொகுதியா பைண்ட் பண்ணியிருக்கும், பழைய புக்கை நினைச்சுக்கிட்டு இதைக் கையில எடுத்தா ஆச்சரியமா இருக்கும், பாட்டு, படம், பாத்து பேசறது, செஞ்சு பாக்கறது எல்லாம் இருக்கு, விலையும் பிரைவேட் புக்கு பக்கத்துலயே வராது. குறைன்னு சொன்னா முழு வருஷத்துக்கும் பேச்சுப் பயிற்சி போதாது, புக்கு மெலிசு. அதுல க்யூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணா தீக்ஷாங்கற கவர்மெண்ட் ஆப்புல வீடியோ வரும். நல்ல ஐடியாதான், ஆனா போன் அப்பா கையில, அப்பா ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றார். எந்த புக்கா இருந்தாலும் ஆப்பு, க்யூஆர் கோடை மட்டும் நம்பி காசு ஏத்திக் குடுக்காதீங்க, கிளாஸ்ல பெரிய ஸ்க்ரீன் இருந்தா சரி.

கவர்மெண்ட் பக்கத்துல புக்கை விட சுவாரசியமானது வேற ஒண்ணு இருக்கு. 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல்னு ஆரம்பிச்சாங்க, ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்த முறை, பாடத்தை சின்ன சின்ன கார்டா பிரிச்சு, ஏணிப்படி மாதிரி ஒரு சார்ட்டு, புள்ள தன் வேகத்துக்கு ஒவ்வொரு கார்டா ஏறிப் போகும், பாய்ல வட்டமா உக்காந்து. 2007, 2008 வாக்குல மாநிலம் பூரா வந்துச்சு. அப்போ வேலை பாத்த சீனியர் டீச்சர்ங்க கிட்ட கேட்டா ரெண்டு மாதிரி சொல்லுவாங்க, பயம் போச்சு, பசங்க எங்க பக்கத்துல தரையில உக்காந்தாங்கன்னு ஒரு பக்கம், கார்டு காணாமப் போயிடும், ஒரு கார்டு தொலைஞ்சா அந்தப் படியில நாலு பேரு நின்னுடுவாங்கன்னு இன்னொரு பக்கம். அப்புறம் கொரோனா முடிஞ்சு 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும்ங்கற திட்டம் வந்துச்சு, முதல்ல ஒண்ணுல இருந்து மூணாம் வகுப்பு வரைக்கும், அரும்பு, மொட்டு, மலர்னு பசங்களை அவங்க நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு. கிளாஸ்ல பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம்னு மூலை மூலையா. எழுத்து வேலை, பதிவு ஏத்தற வேலை ஜாஸ்தின்னு கவர்மெண்ட் டீச்சர்ங்க புலம்பறது எனக்கும் தெரியும், ஆனா அவங்களோட ஆசிரியர் கையேடு பிடிஎஃப் நெட்ல கிடைக்குது, அதுல இங்கிலீஷ் பகுதியை ஒரு தடவை புரட்டிப் பாருங்க, பிரைவேட் ஸ்கூல் டீச்சருக்கும் உபயோகமா இருக்கும்.

மூணாவது, மத்திய அரசு பாடப்புத்தகம் போடற என்சிஇஆர்டியோட மிருதங்ங்கற இங்கிலீஷ் புக்கு. 2022ல வந்த அடிப்படை நிலை கலைத்திட்டம் விளையாட்டு வழியாத்தான் எட்டு வயசு வரைக்கும் சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுச்சு, அதை வச்சு 2023ல ஒண்ணு, ரெண்டாம் கிளாஸுக்கு இது வந்துச்சு. 65 ரூபா, வாங்க வேண்டாம்னா பிடிஎஃப் இலவசம். ஒண்ணாம் கிளாஸ்ல தொப்பி வியாபாரியும் குரங்கும் கதை இருக்கு, நம்ம பசங்க தமிழ்ல பாட்டி கிட்ட கேட்ட கதைதான், அதுதான் இதுல பெரிய வசதி, கதை தெரியும்ங்கறதால இங்கிலீஷ் மட்டும்தான் புதுசு. பேப்பர் தொப்பி மடிச்சுக் குடுத்துட்டு நடிக்க விட்டா கிளாஸே கூத்தாயிடும். ஆனா நம்ம அளவுகோலை இங்கயும் வைங்க. மிஸ் "ஸ்க்ராட்ச் யுவர் ஹெட்"னு சொல்லிக்கிட்டே தலையைச் சொறிஞ்சா குரங்குங்க பாத்து சொறியும், காதுக்கு வேலையே இல்ல. அதனால முதல் ரவுண்டு செஞ்சு காட்டிட்டு, ரெண்டாவது ரவுண்டு மிஸ் கையைப் பின்னாடி கட்டிக்கணும், வாயால மட்டும் சொல்லணும், மூணாவது ரவுண்டு வியாபாரி வேஷம் ஒரு புள்ளைக்குக் குடுத்து அதையே சொல்ல விடணும். அமெரிக்காவுல ஜேம்ஸ் ஆஷர்னு ஒருத்தர் 1960கள்லயே இந்த மாதிரி கட்டளையைக் கேட்டு உடம்பால செய்ய வைக்கிற முறையைக் கொண்டு வந்தார், பேச வாய் வராத ஆரம்பத்துல கூட புள்ளைக்குப் புரிஞ்சிருக்கான்னு டீச்சருக்கு தெரிஞ்சிடும்ங்கறதுதான் இதுல லாபம். மிருதங்ல எனக்கு ஒரே குறை, எழுத்துக்கூட்டி படிக்கிற பயிற்சி கம்மி, ஸ்டேட் போர்டு ஸ்கூல்ல அதை மட்டும் போட்டா பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேள்வி வரும்.

அதுக்குத்தான் எல்லாரும் போனிக்ஸ் பக்கம், அதாவது எழுத்தோட ஒலியை வச்சு படிக்க சொல்லிக் குடுக்கற முறை பக்கம், ஓடறாங்க. இப்போ தெருவுக்கு ஒரு போனிக்ஸ் கிளாஸ் போர்டு தொங்குது. இங்கிலாந்துல உருவான ஜாலி போனிக்ஸ்ல 42 ஒலி, ஏபிசிடி வரிசையில வராது, ஸ், ஆ, ட், இ, ப், ன் இதுதான் முதல் ஆறு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆக்‌ஷன், ஸ்ஸ்னா கையைப் பாம்பு மாதிரி வளைக்கணும், ஆவுக்கு கையில எறும்பு ஊர்ற மாதிரி, ப்னா மெழுகுவத்தி ஊதணும். இந்த ஆறை வச்சே நிறைய சின்ன வார்த்தை படிச்சிடலாம்ங்கறதாலதான் அந்த வரிசை. நம்ம பசங்களுக்கு அந்த மெழுகுவத்தி ரொம்ப உபயோகம், தமிழ்ல ப எழுத்து ஒண்ணுதான், பென்னுக்கும் (pen) பெல்லுக்கும் (bell) அதையேதான் எழுதறோம், இங்கிலீஷ்ல வார்த்தை ஆரம்பத்துல ப் சொன்னா காத்து வெளியே வரணும். ஒரு பேப்பர் துண்டை வாய்க்கு முன்னாடி பிடிச்சு பென்னுன்னு சொல்ல சொல்லுங்க, பேப்பர் ஆடணும், பெல்னு சொல்றப்போ ஆடக்கூடாது, பசங்க பீரியட் முடிஞ்சாலும் ஊதிக்கிட்டே இருப்பாங்க. ஆனா டீச்சருக்கு ட்ரெயினிங் இல்லன்னா போனிக்ஸ் கெடுதல்தான். நிறைய பேரு ப்னு நிறுத்தாம "பு"ங்கறாங்க, ட்டுக்கு "டு"ங்கறாங்க, புள்ள "பு... ஆ... டு"ன்னு எவ்வளவு வேகமா சேத்தாலும் பேட்ங்கற (pat) வார்த்தை வரவே வராது. இன்னொண்ணு, போனிக்ஸ்ல படிக்க வரும், அர்த்தம் வராது, அர்த்தத்துக்கு வேற விளையாட்டு வேணும். தனி புக்கா வேணாம், பக்கவாட்டுல தினம் பத்து நிமிஷம் போதும்.

பாட்டைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். எல்லா புக்குலயும் இருக்கு, செலவில்லாதது, இங்கிலீஷோட ஏத்த இறக்கம் பாட்டுல வர்ற மாதிரி வேற எதுலயும் வராது, "பஸ்ஸு", "புக்கு"ன்னு கடைசில உகரம் சேக்கற பழக்கம் கூட பாடறப்போ தானா குறையும். ஆனா ஆண்டு விழாவுல கையைக் காலை ஆட்டிப் பாடற புள்ளையை நடுவுல நிறுத்தி முட்டியைத் தொடுன்னா தோளைத் தொடும். பாட்டை வரிசை மாத்திப் பாடுங்க, வேகத்தைக் கூட்டுங்க, ஒரு வார்த்தையை முழுங்கிட்டு ஆக்‌ஷன் மட்டும் செய்ய சொல்லுங்க, அப்போ தெரியும் யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு.

சரி, எதை வாங்கறது? டீச்சர் நிலையா இருக்கற ஸ்கூல், ரெண்டு மூணு வருஷமா அதே மிஸ், கொஞ்சம் ஆர்வமும் இருக்குன்னா கவர்மெண்ட் புக்கு, கூட மிருதங்ல இருந்து கதைங்க, தினம் பத்து நிமிஷம் போனிக்ஸ், மிச்ச காசுக்கு கார்டு. என் ஓட்டு இதுக்குத்தான். வருஷா வருஷம் டீச்சர் மாறுற ஸ்கூல்னா பிரைவேட் செட்டு வாங்குங்க, தப்பா நினைக்க மாட்டேன், ஆனா டீச்சர்ஸ் புக்கைப் பாத்து வாங்குங்க, ஸ்டிக்கரைப் பாத்து வாங்காதீங்க. ரெப்பு டீச்சர்ஸ் புக்கு அப்புறம் அனுப்பறேன்னு சொன்னா ஆர்டரும் அப்புறம் தர்றேன்னு சொல்லிடுங்க. பேரன்ட்ஸுக்கு கலர் புக்கு இல்லன்னா பீஸ் கட்ட மனசு வராதேன்னு கரஸ்பாண்டன்ட் கவலைப்படுவார், அது நியாயமான கவலைதான், அதுக்கு ஜூலைல ஒரு நாள் பேரன்ட்ஸை கிளாஸுக்குள்ள உக்கார வச்சு அந்த ஸ்லேட்டு விளையாட்டைக் காட்டுங்க, தன் புள்ள தானா இங்கிலீஷ்ல கேள்வி கேக்கறதைப் பாத்துட்டா ஸ்டிக்கர் எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கார்டுக்கு பெரிய செலவு இல்ல. பழம், மிருகம், உடம்பு, துணி, வீட்டு சாமான், செய்யற வேலை, ஒவ்வொண்ணுலயும் எட்டுன்னு ஆரம்பிங்க, ஒரே படத்துல நாலு செட்டு எடுத்தாத்தான் கிளாஸைக் குழுவா பிரிக்க முடியும். படத்துக்குக் கீழே பேரு எழுதாதீங்க, பேரைத் தனி சீட்டா வைங்க, அப்போ ஒண்ணாம் கிளாஸுக்கு பேச்சு விளையாட்டு, ரெண்டாம் கிளாஸுக்கு அதே படத்தை வச்சு படிக்கிற விளையாட்டு. லேமினேஷன் போட முடியலன்னா அகல செல்லோ டேப் ரெண்டு பக்கமும் ஒட்டினாலே தாக்குப் பிடிக்கும், மூலையை மட்டும் வட்டமா வெட்டிடுங்க, கூரா இருந்தா கண்ணுல குத்தும். ஒவ்வொரு செட்டுக்கும் பின்னாடி ஒரு கலர் புள்ளி வைங்க, கலந்துபோனா பசங்களே பிரிச்சு அடுக்கிடுவாங்க. டப்பா ஆபீஸ் பீரோல இருக்கட்டும், ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்திடுங்க, மிஸ் ரிலீவ் ஆகறப்போ சாவியோட சேத்து எண்ணி வாங்கிக்கற மாதிரி.